சுண்ணாம்புத் தண்ணீரும் கோழித் தீவனச் சிப்பியும்

சென்னை கொட்டிவாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், கிழக்கு ஜன்னலை ஒட்டி 4 அடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று நிற்கிறது. 2010 ஆகஸ்டில் அதில் கடல் தண்ணீர் ஊற்றினேன். அதற்கப்புறம் ஒருமுறைகூடக் காலி செய்து கழுவியதில்லை. 2011-ல் வாங்கிய கோமாளி மீன் ஜோடியில் பெண் மீன் இன்னும் இருக்கிறது. நான் கையை உள்ளே விட்டால் விரலைக் கடிக்க வரும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன மெஷின் போட்டிருக்கீங்க?" ஒரு தண்ணீர் பம்ப், ஒரு காற்று பம்ப், இரண்டு எல்இடி விளக்கு, ஒரு டேபிள் ஃபேன். அவ்வளவுதான். மற்ற வேலைகளையெல்லாம் புழுக்களும் பூச்சிகளும் பாசியும் பாக்டீரியாவும் பார்த்துக்கொள்கின்றன. அவற்றை எப்படிக் குடியேற்றுவது, குடியேறியபின் எப்படித் தொந்தரவு செய்யாமல் இருப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. 1961-லேயே ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிருள்ள கடல் கற்கள், காற்றுக் குமிழி, வெளிச்சம் இவற்றை வைத்தே கடல் தொட்டி நடத்தி, அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகை ஒன்றில் அதைப் பற்றி எழுதினார். வெயில் ஊர்க்காரர், கடலோரத்துக்காரர். குளிர் நாட்டுக்காரர்கள் செய்த மெஷின்களைவிட அவருடைய வழி நமக்குப் பொருந்தும் என்பது என் கட்சி.

ஆனால் அவர் செய்த ஒன்றை நாம் செய்ய முடியாது. இந்தியாவில் 2001-ல் எல்லாக் கல்பவளங்களையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாமே அப்போது சேர்ந்தவை. வெளிநாட்டுக்காரர்கள் "மணல் சுத்தமாக இருக்கக் கடல் அட்டை விடுங்கள்" என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ராமேஸ்வரம் பக்கம் யாரிடமாவது கேட்டு வைக்காதீர்கள். செத்த பவளக் கல்லும் அதே கதைதான். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தது போதும். என் தொட்டியில் இருப்பவை காளான் பவளம், தோல் போன்ற சில மென்பவளங்கள், ஜோயாந்திட் எனும் பொத்தான் பூக்கள். எல்லாம் பில்லோடு வாங்கியவை. வாங்குமுன் இன்றைய அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பட்டியலை நடுவில் மாற்றியிருக்கிறார்கள்.

கல்லும் மணலும்

தொட்டியைக் கொளத்தூரில் சொல்லிச் செய்தேன். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 10 மில்லிமீட்டர் கண்ணாடி. விளிம்புவரை நிரப்பினால் 255 லிட்டர். கல், மணல் போக 200 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஸ்டாண்டோடு சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டும். அதனால் கூடத்தின் நடுவில் வைக்காமல் சுவர் ஓரமாக, கீழே பீம் ஓடும் இடத்தில் வையுங்கள்.

சென்னைக் கடற்கரை மணல் வேண்டாம். அது பெரும்பாலும் குவார்ட்ஸ். அதில் கருப்பாக மின்னுபவை இரும்பும் டைட்டானியமும் கலந்த தாதுக்கள். நமக்கு வேண்டியது கால்சியம் கார்பனேட். கோழித் தீவனக் கடையில் முட்டைக் கோழிக்கென்று சிப்பித் தூள் விற்பார்கள். பொடி இல்லாமல் குருணையாக இருப்பதாகக் கேட்டு வாங்கி, பால் போல வரும் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். நான் 12 தண்ணீர் அலசினேன். இரண்டு விரல் உயரம் பரப்பினால் போதும். அரை அடி மணல் போடச் சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அடியில் காற்றுப் போகாமல் கறுத்து, அழுகின முட்டை நாற்றத்தோடு விஷவாயு சேரும்.

கல்லை நானே செய்தேன். சிமெண்ட் ஒரு பங்கு, சிப்பித் தூள் 3 பங்கு, கல் உப்பு ஒரு பங்கு. புட்டு மாவுப் பதத்துக்குத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, ஈர மணலில் குழி தோண்டி அதில் கொட்டினேன். விரலை விட்டு ஓட்டைகள் போட்டேன். இறுகியதும் தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து கல் முழுக்கத் துளைகளாகிவிடும். பாக்டீரியாவும் புழுவும் குடியிருக்கப் போவது அந்தத் துளைகளில்தான். இதில் பொறுமை வேண்டிய இடம் அடுத்தது. சிமெண்டிலிருந்து காரம் இறங்கிக்கொண்டே இருக்கும். 2 மாதம் டிரம்மில் ஊறவைத்து, 3 நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, பிஎச் தாள் 8.5-க்குக் கீழே நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். முதல் தடவை 3 வாரத்தில் அவசரப்பட்டுத் தொட்டிக்குள் வைத்தேன். பிஎச் 9-ஐத் தாண்டியது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி டிரம்மில் போட்டேன்.

தண்ணீர்

கடல் 10 நிமிட நடை. ஆனால் கரைத் தண்ணீரை மொள்ளக் கூடாது. சாக்கடையும் ஆற்று நீரும் கலந்தது. குப்பத்துப் படகுக்காரத் தம்பி ஒருவர் வலைக்குப் போய்த் திரும்பும்போது, நீலத் தண்ணீர் தொடங்கும் இடத்தில் 20 லிட்டர் கேன்களில் எனக்கு மொண்டு வருவார். டீசல் படாத கேன்களாக நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

2010 டிசம்பரில் அவர் கேனை இறக்கி வைத்துவிட்டு, "வாடை வந்திடுச்சுக்கா, தண்ணி சப்புன்னு இருக்கு" என்றார். வாயில் விட்டுப் பார்த்துச் சொல்கிறார். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். நாக்கை நம்புகிற ஆள் இல்லை. உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். ஆயிரத்துக்கு 27 பங்கு உப்பு. தொட்டிக்கு வேண்டியது 34, 35. மே மாதம் இதே கடலில் 34 காட்டியிருந்தது. வடகிழக்குப் பருவமழையின்போது வங்கக் கடலில் வடக்கே ஆறுகள் கொண்டு வந்து கொட்டிய நன்னீர், கரையோரமாகத் தெற்கே இறங்கி வருகிறது. மேலே மழை வேறு. அந்தத் தண்ணீரை அப்படியே ஊற்றியிருந்தால் பவளங்கள் சுருண்டிருக்கும்.

சரி செய்ய இரண்டு வழி. ஒன்று, ஏப்ரல், மே மாதத்திலேயே வருடத்துக்கு வேண்டியதைப் பிடித்து வைப்பது. நீல டிரம்மில் ஊற்றி, மூடி, இருட்டில் 3 வாரம் விட்டால் மிதக்கும் உயிர்கள் செத்து அடியில் படியும். மேல் தண்ணீரை மட்டும் டியூபால் இறக்கிக்கொள்ளலாம். இரண்டாவது, மொட்டை மாடியில் அகலத் தொட்டியில் ஊற்றி, மேலே கொசுவலை கட்டி, வெயிலில் வற்றவிடுவது. 27-ஐ 35 ஆக்க 100 லிட்டர் 77 லிட்டராக வற்ற வேண்டும். சமையல் உப்பைப் போட்டு ஈடுகட்ட நினைக்காதீர்கள். அது சோடியம் குளோரைடு மட்டும். கடலில் இருக்கிற மெக்னீசியமும் கால்சியமும் அதில் வராது.

தினமும் ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர். உப்பு ஆவியாவதில்லை, தண்ணீர்தான் குறையும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டுக்கொண்டு அதுவரை ஊற்றுங்கள். ஆர்ஓ தண்ணீர், மினரல் கலக்கும் கார்ட்ரிட்ஜுக்கு முன்னால் எடுத்தது, டிடிஎஸ் 20-க்குக் கீழே. ஏசியிலிருந்து சொட்டுவது சுத்தமான தண்ணீர்தானே என்று பலர் கேட்டுவிட்டார்கள். ஏசிக்குள் இருப்பது செம்புக் குழாய். இறால், நத்தை, பவளம் மூன்றுக்குமே செம்பு எமன்.

குடியேற்றம்

கல், மணல், தண்ணீர் வைத்து பம்பை ஓடவிட்டபின், தோல் உரிக்காத இறால் ஒன்றைப் போட்டு அழுகவிடுங்கள். அம்மோனியா ஏறும், அதைத் தின்னும் பாக்டீரியா பெருகும், அப்புறம் நைட்ரைட் ஏறி இறங்கும், கடைசியில் நைட்ரேட் மட்டும் நிற்கும். எனக்கு 41 நாள் ஆனது. இரண்டாவது வாரமே "தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கே, விடலாம் மேடம்" என்று ஒரு கடைக்காரர் சொன்னதைக் கேட்டு 3 டேம்சல் மீன் வாங்கி விட்டேன். 2 நாளில் மூன்றும் போயின. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. தினமும் அதை அளக்கிற சோதனையை வேலையாகச் செய்கிறவள், வீட்டில் அளக்காமல் விட்டேன்.

பாக்டீரியா தானாக வரும். புழுவும் பூச்சியும் வராது, கொண்டுவர வேண்டும். நான் அலைத்தடுப்புப் பாறைகளுக்கு நடுவே கிடந்த உள்ளங்கை அளவு ஜல்லி நான்கு, கரையில் ஒதுங்கிய புதுப் பாசி ஒரு கைப்பிடி, இன்னொரு வளர்ப்பாளரின் பழைய தொட்டி மணல் ஒரு டம்ளர் கொண்டு வந்தேன். பாசியை ஒரு வாளிக் கடல் தண்ணீரில் உதறினால் அரிசி நொய் போலக் குதிக்கும் சிறு பூச்சிகள் நூறாவது விழும். அவை கழிவைத் தின்னும், மீன் அவற்றைத் தின்னும். இரவு 11 மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி முழுக்க ஓடிக்கொண்டிருந்தால் தொட்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். என் சோதனைக் குப்பிகளைவிட இந்த டார்ச்சைத்தான் நான் நம்புகிறேன்.

முடிப்புழுவைப் பார்த்துப் பயந்து கொல்கிறவர்கள் உண்டு. கல்லுக்குள் ஒளிந்திருந்து மிச்சச் சாப்பாட்டைத் தின்பவை அவை. கையால் தொடாமல் இருந்தால் போதும். முடி குத்திவிட்டால் செல்லோ டேப்பை ஒட்டி உரித்தால் வந்துவிடும்.

மூன்று மாதம் கழித்து முதல் மீன். கோமாளி மீன் இப்போது பொரிப்பகத்தில் வளர்த்ததே கிடைக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் அதைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கின்றன. கடலில் பிடித்ததைவிட இது சாப்பாட்டுக்குச் சீக்கிரம் பழகும், நோயும் குறைவு. எதுவானாலும் தனித் தொட்டியில் 4 வாரம் வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள். 200 லிட்டருக்கு என்னிடம் இருப்பவை 5 சிறு மீன்கள். ஆறாவதுக்கு ஆசை வரும்போதெல்லாம் கடைப் பக்கம் போவதை நிறுத்திவிடுவேன்.

பாசியை வளர்த்து அறுப்பது

சாப்பாடு போட்டால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேரும், பாசி வரும். வரத்தான் செய்யும் என்றால் நாம் சொல்லும் இடத்தில் வரட்டும். அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி என்ற விஞ்ஞானி இப்படிப் பாசித் தட்டு வைத்தே பவளத் தொட்டி நடத்தினார். என்னுடையது ஏழை வீட்டு வடிவம். எம்பிராய்டரிக்கு விற்கும் பிளாஸ்டிக் வலையை உப்புத் தாளால் சொரசொரப்பாகத் தேய்த்து, தொட்டியின் மேல் சாய்வாக வைத்திருக்கிறேன். பம்பிலிருந்து வரும் தண்ணீர் அதன்மேல் மெல்லியதாக வழிந்து தொட்டிக்குள் விழும். மேலே ஒரு 20 வாட் விளக்கு. அதை இரவில்தான் எரியவிடுகிறேன். பகல் முழுக்கத் தொட்டி விளக்கு எரியும், இரவில் இது எரிந்தால் பிஎச் அதிகம் இறங்காது. ஞாயிற்றுக்கிழமை வலையை எடுத்துப் பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டுவேன். பாதியைத்தான் சுரண்ட வேண்டும், மறு பாதி அடுத்த வாரம். வாரம் 70, 80 கிராம் பாசி வரும். இது ஓட ஆரம்பித்தபின் கல்லில் இருந்த முடிப்பாசி 4 மாதத்தில் காணாமல் போனது.

அதோடு வாரம் ஒருமுறை 50 மில்லி சிரிஞ்சால் கல் இடுக்குகளில் தண்ணீரைப் பீய்ச்சி அழுக்கைக் கிளப்பிவிடுவேன். கொஞ்சத்தைப் பவளங்கள் தின்னும், மீதியை டியூபால் உறிஞ்சி எடுப்பேன். 15 நாளுக்கு ஒருமுறை 20 லிட்டர் தண்ணீர் மாற்றம். பின்கண்ணாடியை நான் தொட்டதே இல்லை. அது இளஞ்சிவப்புப் பாறைப்பாசி ஏறி, கஞ்சி ஒட்டிய சட்டி மாதிரி இருக்கிறது. அழகு பார்க்கிறவர்களுக்குப் பிடிக்காது.

சுண்ணாம்பு

அந்தப் பாறைப்பாசியும் நத்தைகளும் கால்சியத்தையும் காரத்தன்மையையும் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். ஈடுகட்டத் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர். ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் ஒன்றரை கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு கலக்கி, மூடி வைத்து, தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், இப்போது வாசனையும் நிறமும் சேர்க்கிறார்கள். இதன் பிஎச் 12-க்கு மேல். மொத்தமாகக் கொட்டினால் மீன் சாகும். அதற்கு ஆஸ்பத்திரி டிரிப் செட்தான் சரி. பாட்டிலைத் தலைகீழாகக் கட்டி, நிமிடத்துக்கு 30 சொட்டு என்று வைத்தால் ஒரு லிட்டர் இறங்க 11 மணி நேரம் ஆகும். வாரத்தில் 2 இரவு. காரத்தன்மை 8 டிகிரிக்கு (dKH என்ற அளவில், வெப்பம் இல்லை) பக்கத்தில் இருந்தால் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அதே சுண்ணாம்பைப் பசையாகக் குழைத்து இன்சுலின் ஊசியில் எடுத்து, ஐப்டேசியா எனும், களை போலப் பரவும் கண்ணாடித் தாமரைப் பூச்சியின் (சிறு கடல் சாமந்தி) வாயில் வைத்தால் அது கரைந்துவிடும். எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும். வெட்டி எறிய மட்டும் நினைக்காதீர்கள். ஒரு துண்டு மிஞ்சினாலும் முளைக்கும்.

பொத்தான் பூக்கள் விஷயத்தில் எச்சரிக்கை. சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு. அவை ஒட்டிய கல்லைக் கொதிக்கவைப்பது, வெந்நீரில் தேய்ப்பது கூடவே கூடாது. ஆவியை மூச்சில் இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போன குடும்பங்கள் உண்டு. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, தண்ணீருக்குள் வைத்தே வெட்டுங்கள்.

கொசு, வெயில், புயல்

2014 நவம்பரில் ஒரு காலை எழுந்து பார்த்தால் இரண்டு இறாலும் மல்லாந்து கிடந்தன. துறவி நண்டுகள் ஓட்டைவிட்டு வெளியே தொங்கின. மீன்கள் நன்றாக இருந்தன. முந்தின நாள் மழைக்கொசு தாங்காமல் கூடத்தில் கொசு லிக்விட் செருகியிருந்தோம். காற்று பம்ப் இரவு முழுக்க அந்தக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறது. பூச்சியைக் கொல்லும் மருந்துக்குப் பூச்சிக்கும் இறாலுக்கும் வித்தியாசம் தெரியாது. பாதித் தண்ணீரை மாற்றி, கரி மூட்டை போட்டேன். அப்புறம் ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று, காற்று பம்பின் வாய் பால்கனிக்குப் போயிற்று. பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

வெயிலுக்கு ஃபேன்தான். தொட்டிக்கு மூடி போடாமல், ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின்மேல் சாய்வாக வீசவிட்டால் 2, 3 டிகிரி இறங்கும். மே மாதம் தினமும் 5 லிட்டர் ஆவியாகும், ஊற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். 27, 28 டிகிரி நல்லது. 30 வரை தாங்கும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்துப் போனபோது என் தொட்டியும் ஒரு வாரம் 31.8-ல் நின்றது. காளான் பவளங்கள் நிறம் மங்கின. விளக்கைப் பாதி நேரமாகக் குறைத்து, சாப்பாட்டை நிறுத்தி, உறைந்த ஆர்ஓ பாட்டில்களை மிதக்கவிட்டேன். ஆகஸ்டில் நிறம் திரும்பியது.

அதே வருடம் டிசம்பர் 12-ல் வர்தா. எங்கள் தெருவில் 4 நாள் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் இருந்தது. முதல் இரவே அத்தைக்கு ஃபேன், பையனுக்கு போன் சார்ஜ் என்று தீர்ந்தது. அதற்கப்புறம் மக்தான். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, 10 நிமிடம், தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம், நானும் பையனும் முறை வைத்து. பாசி வலையைக் காயாமல் தொட்டிக்குள்ளேயே அமுக்கி வைத்தேன். ஒரு பருக்கை சாப்பாடு போடவில்லை. மழைக்குளிர் நல்லதாகப் போயிற்று, குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் நிற்கும். இரண்டு நத்தை செத்தன. 5 மீனும் பிழைத்தன. 15 மீன் வைத்திருந்தால் முதல் இரவு தாண்டியிருக்காது. மறுநாளே பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் வாங்கினேன். 2023-ல் மிக்ஜாம் வந்தபோது நிம்மதியாகத் தூங்கினேன்.

சாப்பாடு மீன் மார்க்கெட்டிலிருந்துதான். இறால், கணவாய், மட்டி, மீன் சினை எல்லாவற்றையும் அலசிப் பொடியாக நறுக்கி, பிளாஸ்டிக் பையில் தகடு போலப் பரப்பி ஃப்ரீசரில் வைப்பேன். தினம் ஒரு கட்டைவிரல் நகம் அளவு உடைத்து, கரைந்த நீரைக் கொட்டிவிட்டுப் போடுவேன். சினையை மட்டும் விடாதீர்கள். அது சேர்க்க ஆரம்பித்த ஆறாவது மாதம் கோமாளி ஜோடி பூந்தொட்டி ஓட்டில் முட்டையிட்டது.

ஊருக்குப் போவதென்றால் 5 நாள்வரை சாப்பாடு போடவே வேண்டாம், பூச்சிகளை வைத்தே மீன்கள் சமாளிக்கும். கோடுவரை தண்ணீர் ஊற்ற மட்டும் ஒரு ஆள் வேண்டும். மேல்வீட்டு மாமியிடம் சாவி கொடுத்துவிட்டு ஒருமுறை திருநெல்வேலி போனேன். தண்ணீரைக் கோடு தவறாமல் ஊற்றியிருந்தார். "பாவம், வாயைத் திறந்து திறந்து பார்க்குதே" என்று தினம் அரை இட்லியும் உதிர்த்துப் போட்டிருந்தார். வந்து பார்த்தபோது தண்ணீர் கஞ்சி. அந்த மாதம் 4 முறை தண்ணீர் மாற்றினேன். இப்போது சாவியோடு 3 சிறு மாத்திரை டப்பாவும் கொடுக்கிறேன், ஒவ்வொன்றிலும் நாலே நாலு துணுக்குக் காய்ந்த இறால், மேலே கிழமை எழுதி. மாமிக்குத் திருப்தி.